கொலைக்கதை வாசிக்கிற போதகர்



வழக்கமாக ஒரு வசனத்தோடு தொடங்கும் இவ்வாரத் தியானத்தை இம்முறை ஓர் ஒப்புதலோடு தொடங்குகிறேன். உங்கள் போதகர் துப்பறியும் நாவல்களை வாசிக்கிறவர். பள்ளிப் பருவத்தில் பிடித்த பழக்கம்; இறையியல் கல்லூரி விடுதியிலும் விடவில்லை. பகலில் எபிரெய இலக்கணமும் இரவில் தலையணைக்கடியிலிருந்து எடுத்த மாத நாவலுமாக அந்த ஆண்டுகள் கழிந்தன. இன்றும் செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்தில் வரும்போது என் கைப்பையில் வேதாகமத்தோடு அப்படி ஒரு புத்தகம் இருக்கும். நான் வாசிப்பதோடு நிற்கவில்லை; நம் பிள்ளைகளுக்கும் வாசிக்கச் சொல்லி வருகிறேன். அதனால் வந்ததுதான் இந்த வழக்கு.

நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். இரண்டு வாரங்களுக்கு முன் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில், பதினோராம் வகுப்புப் படிக்கும் நம் சபைப் பெண் பிள்ளை ஒருத்தியின் மடியில் சுஜாதாவின் கணேஷ் – வசந்த் நாவல் ஒன்று இருந்தது. கிளை நூலகத்தில் எடுத்த புத்தகம். நம் மூப்பர் ஒருவர் அதைப் பிடுங்கி, எல்லார் முன்பாகவும் இரண்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டார். கொலையும் களவும் நிறைந்த புத்தகம் தேவனுடைய பிள்ளையின் கையில் இருக்கலாமா என்று கேட்டார். அந்தப் பிள்ளை அழவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை. (நூலகத்துக்குப் புத்தகத்தின் விலையைக் கட்டியாயிற்று. யார் கட்டினார்கள் என்ற விசாரணை வேண்டாம்.)

மத்தேயு 18-ஆம் அதிகாரம் சொல்லுகிற முறைப்படி மூப்பரிடம் முதலில் தனித்துப் பேசினேன். அவர் மனம் மாறவில்லை. அப்படியானால் இதை எழுதுவேன் என்றேன். "எழுதுங்கள் ஐயா, சபை தீர்ப்புச் சொல்லட்டும்" என்றார். நேர்மையான மனிதர். ஆகவே அவரோடு வாதாடும் உரிமையோடு எழுதுகிறேன்.

அவர் முதலில் எடுத்துக் காட்டியது எபேசு. அப்போஸ்தலர் 19-இல் விசுவாசிகள் புத்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்தார்களே என்றார். எரித்தார்கள், மெய்தான். ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமானமுள்ளவை. ஆனால் அவை மாயவித்தைப் புத்தகங்கள். தாங்கள் செய்துவந்த தொழிலின் கருவிகள். மேலும், எரித்தவர்கள் அவரவர் புத்தகத்தை அவரவர் கையால் கொண்டுவந்து எரித்தார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் மடியிலிருந்து நூலகப் புத்தகத்தைப் பிடுங்கிய ஒருவனையும் அந்த அதிகாரத்தில் நான் காணவில்லை.

அடுத்து பிலிப்பியர் 4:8. எவைகளைச் சிந்திக்கவேண்டும் என்று பவுல் ஒரு வரிசை கொடுக்கிறார். அதில் கொலைக்கு இடமில்லை என்பது மூப்பரின் வாதம். அந்த வரிசையில் முதலாவதாக நிற்பது எது என்று பார்த்தீர்களா? உண்மை. மூன்றாவதாக நிற்பது நீதி. நல்ல துப்பறியும் கதைக்கு இவ்விரண்டையும் தவிர வேறு பொருளே கிடையாது. ஒருவன் செத்துக்கிடக்கிறான், உண்மையில் என்ன நடந்தது, யாருக்கு நீதி செய்யப்படவேண்டும் என்பதே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கேள்வி. கொலை என்ற சொல்லே கண்ணில் படக்கூடாதென்றால் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடவேண்டியதாகும். நியாயாதிபதிகள் 19-ஐ நம்மில் யாரும் குடும்ப ஜெபத்தில் வாசிப்பதில்லை. ஆயினும் ஆவியானவர் அதை நீக்கிவிடவில்லை.

மூன்றாவது வாதம்தான் அவருக்கு மிகப் பலமானதாகத் தோன்றியது: நடந்த குற்றமானால் எச்சரிப்பாகும், நடக்காத குற்றத்தைக் கற்பனை செய்து எழுதுவது பொய்யல்லவா? இங்கே நான் நாத்தானை அழைக்கிறேன். 2 சாமுவேல் 12. உரியாவைக் கொல்லுவித்த ராஜாவுக்கு முன்னால் தீர்க்கதரிசி போய் நின்றபோது கையில் குற்றப்பத்திரிகை இல்லை. ஒரு கதை இருந்தது. ஓர் ஐசுவரியவான், ஒரு தரித்திரன், ஓர் ஆட்டுக்குட்டி, எல்லாம் கற்பனை. அந்தக் கற்பனைக் குற்றவாளியின்மேல் தாவீதுக்கு மூண்ட கோபம் கற்பனையானதன்று. அவன் சொன்ன தீர்ப்பும் அவன் தலையின்மேலேயே வந்து விழுந்தது. நேரே சொல்லியிருந்தால் அரண்மனைக் காவலர் நாத்தானை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். குற்றக் கதைக்குள் ஓர் ஆத்துமாவைப் பிடித்து நிறுத்தும் வல்லமை உண்டென்று கர்த்தர் அறிந்திருந்தார். நாம் மட்டும் அறியோம் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். நம்முடைய பதிப்பில் அச்சிடப்படாத, கத்தோலிக்கச் சகோதரர் தானியேல் ஆகமத்தின் 13, 14-ஆம் அதிகாரங்களாக வாசிக்கிற இரண்டு பகுதிகள் உண்டு. சூசன்னா என்ற குற்றமற்ற பெண்ணின்மேல் இரண்டு மூப்பர் – ஆம், மூப்பர் – பொய்க்குற்றம் சுமத்த, வாலிபனான தானியேல் அவர்களைப் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் கீழே கண்டீர்கள் என்று தனித்தனியே கேட்கிறான். இருவர் வாயிலிருந்தும் இரண்டு மரங்கள் வருகின்றன. அடுத்த கதையில் பேலின் கோயிலில் இரவோடிரவாகப் படையலைத் தின்பது யார் என்று காண்பதற்குத் தரையில் சாம்பலைத் தூவி வைக்கிறான். காலையில் பூசாரிகளின் குடும்பத்துக் காலடித் தடங்கள் அத்தனையும் பதிந்திருக்கின்றன. ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளரான டாரதி சேயர்ஸ் 1928-இல் குற்றக் கதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, இவ்விரண்டையும் அதில் சேர்த்தார். அவர் ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகள். பீட்டர் விம்சி என்ற துப்பறிவாளரை வைத்து நாவல் வரிசை எழுதிய அதே கை, பின்னாளில் இயேசுவின் வாழ்க்கையைப் பிபிசி வானொலிக்காகத் தொடர் நாடகமாக எழுதியது. ரொனால்டு நாக்ஸ் என்ற குருவானவர் துப்பறியும் கதைகளும் எழுதி, அவற்றுக்கென 1929-இல் பத்து விதிகளும் வகுத்தார். வேதாகமம் முழுவதையும் லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. அந்த விதிகளில் இரண்டை மட்டும் சொல்லுகிறேன்: துப்பறிகிறவன் கண்ட தடயத்தை வாசகனுக்கு மறைக்கலாகாது, மர்மத்தை அவிழ்க்கப் பேயையோ மாயத்தையோ துணைக்கு இழுக்கலாகாது. நம் ஊரில் சாவுக்குச் சாவு செய்வினை என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டாம் விதியை வாசித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தமிழுக்கு வருவோம். இது நேற்று முளைத்த களை என்று எண்ணாதீர்கள். பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனை 1894-லேயே தமிழில் உலாவவிட்டார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், பக்கத்து ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார் ஆனந்தசிங்கையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் கொண்டுவந்தார்கள். நம் தாத்தாக்களும் பாட்டிகளும் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய புத்தகங்களில் இவையும் உண்டு. அதற்கும் முன்பு, தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, முன்சீப்பாக நியாயாசனத்தில் அமர்ந்து சாட்சிகளைக் கேட்ட கிறிஸ்தவர். கதையும் நீதிமன்றமும் கிறிஸ்தவ விசுவாசமும் ஒரே மனிதனுக்குள் சண்டையின்றி வாழ்ந்தன.

ஒற்றை நாவலைவிடத் தொடராக வருபவற்றை நான் ஏன் பரிந்துரைக்கிறேன் என்று வாலிபர் கேட்கிறார்கள். மனிதரை அறிவதற்குக் காலம் வேண்டும், அதனால்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரோடு உட்கார்ந்தால் வழக்கு அவிழப்போகிறது என்று என் தலைமுறைப் பையன்களுக்குத் தெரியும். தேவனின் சாம்புவோ வங்கி வேலையை இழந்த அப்பாவி. அசட்டுத்தனமாக அவன் வைக்கும் ஒவ்வொரு அடியும் திருடனின் மேலேயே போய் விழும். புத்திசாலிகளின் பெருமையை அப்படிச் சிரித்துச் சிரித்து உடைத்த வேறொரு தமிழ்ப் புத்தகத்தை நான் அறியேன். சுஜாதாவின் கணேஷ் 'நைலான் கயி'ற்றில் தனியாக வந்தான். வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். அதன்பின் ஒருவன் நிதானமும் மற்றவன் துடுக்குமாக அவர்கள் நம்மோடு நடந்த ஆண்டுகள் எத்தனை! கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவருடைய விவேக்கையும் ரூபலாவையும், சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தியையும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலாவையும் பேருந்து நிலையக் கடையில் மாதந்தோறும் காத்திருந்து வாங்கியவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை.

ஆனாலும் தொடரின் மேன்மையை எனக்குக் கற்பித்தவர் செஸ்டர்டனின் பிரவுன் பாதிரியார்தான். குட்டையான, குடையை எங்கேயாவது மறந்துவைக்கிற ஒரு சாதாரணக் குரு. 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளில் வந்தார். முதல் கதையில் பிளாம்போ என்ற பெருந்திருடனை, அவன் குருவின் உடை தரித்திருந்தும், பகுத்தறிவைப் பழித்துப் பேசியதாலேயே கண்டுகொள்கிறார். அது கெட்ட இறையியல் என்கிறார். ஒரே புத்தகமாயிருந்தால் திருடன் பிடிபட்டான், கதை முடிந்தது என்று போயிருக்கும். தொடர் ஆனபடியால் அந்தத் திருடன் மறுபடியும் வருகிறான்; மறுபடியும் எதிர்ப்படுகிறார் பாதிரியார். ஒரு கதையில் திருடின வைரங்களைத் திரும்ப எறிந்துவிட்டுப் போகிறான். பின்பு குணப்பட்டு, பாதிரியாரின் தோழனாகி, தானே துப்பறிகிறவனாகிறான். சகேயு மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று நான் பலமுறை யோசித்ததுண்டு; பிளாம்போவின் கதையில் அதன் சாயல் கிடைத்தது. இந்தப் பாதிரியார் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் முறையையும் கேளுங்கள். தடயக் கண்ணாடி கிடையாது. அந்தக் கொலையைத் தானே செய்தால் எந்த மனநிலையில் செய்திருப்பேன் என்று தன் உள்ளத்துக்குள்ளே இறங்கிப் பார்ப்பார். அந்த மனநிலை தனக்குள்ளும் இருப்பதைக் கண்டதும் ஆளைக் கண்டுகொள்வார். ஆதிபாவம் குறித்து நான் கல்லூரியில் எழுதிய கட்டுரை இருபது பக்கம். இது அதைவிடத் தெளிவு.

இதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது, போதகரின் பொழுதுபோக்கு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நான் நகரமாட்டேன். இதில் பெரிதான ஒன்று அடங்கியிருக்கிறது.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களை நம் மூப்பர்கள் அனைவரும் வாசிக்கும்படி வேண்டுகிறேன். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது என்ன செய்யவேண்டும்? பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு அளக்கவேண்டும். எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ அந்த ஊரின் மூப்பர் ஒரு கிடாரியைக் கொண்டுபோய் அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை, எங்கள் கண்கள் அதைக் காணவுமில்லை என்று அறிக்கையிடவேண்டும். விடை தெரியாத ஒரு சாவு தேசத்தைத் தீட்டுப்படுத்துகிறது என்பது இதன் பொருள். தெரியவில்லை என்று சொல்லிப் போவதற்குக்கூட மூப்பர்கள் அளவுகோலோடு வயலில் இறங்கவேண்டியிருந்தது.

நம்மிடம் அந்த வழக்கம் உண்டா? நம்மிடம் உள்ள வழக்கம் வயிற்றுவலி. இந்தப் பக்கத்து ஊர்களில் இளம்பெண் ஒருத்தி இறந்தால் முதலில் வரும் சொல் அதுதான். வயிற்றுவலி தாங்காமல் மருந்து குடித்தாள். வயிற்றுவலி தாங்காமல் தூக்கு மாட்டிக்கொண்டாள். கேட்டவர்கள் தலையசைப்பார்கள். பந்தல் போட்டாயிற்று, பெட்டி வந்தாயிற்று, போதகர் வந்துவிட்டார்.

அந்தப் போதகர் ஒருமுறை நான். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சேகரத்தில். மணமாகி மூன்று ஆண்டுகூட ஆகாத பெண். சித்திரை வெயிலில் கழுத்து தெரியாதபடி மோவாய்வரை துணி சுற்றியிருந்தார்கள். இரவெல்லாம் வலியில் துடித்தாள் என்றார் வீட்டார். விடியற்காலை அவள் குழாயடியில் தண்ணீர் பிடித்ததைப் பார்த்தேன் என்று பக்கத்து வீட்டு அம்மா என் காதுபடத் தம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாக்குமூலம், இரண்டு மரம். நான் துணியைப் பார்த்தேன். பேச்சையும் கேட்டேன். பிறகு யோவான் 11-ஐத் திறந்து, உயிர்த்தெழுதலைப் பற்றி நன்றாகவே பிரசங்கித்தேன். ஏழு ஆண்டுகளுக்குள் மணமான பெண் தற்கொலை செய்தாலோ சந்தேகமாக இறந்தாலோ கோட்டாட்சியர் விசாரணை நடக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை நான் அறிவேன். அறிந்ததும் துப்பறியும் நாவல் ஒன்றிலிருந்துதான். வாய் திறக்கவில்லை. அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா ஜெபம் பண்ணீங்க ஐயா" என்றார்.

அப்படியானால் அத்தனை நாவல் வாசித்தும் பயன் என்ன என்று மூப்பர் கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கு நான் சாமர்த்தியமாகப் பதில் சொல்லப்போவதில்லை. புத்தகம் கண்களைக் கொடுக்கும், நெஞ்சுரத்தைக் கொடுக்காது. அதை முழங்காலில்தான் கேட்டுப் பெறவேண்டும். நான் அன்று கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று: வாசிக்காதவனாயிருந்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அன்றிரவு தூங்கியிருப்பேன். எங்கள் கண்கள் அதைக் காணவில்லை என்ற அறிக்கையை நான் சொல்லமுடியாமற் போயிற்று. அதன்பின் நான் நடத்திய அடக்கங்களில் கேள்வி கேட்டிருக்கிறேன். இருமுறை அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

துப்பறியும் கதையில் ஒரு சாவும் சும்மா போவதில்லை. வேலைக்காரி செத்தாலும், குடிகாரன் செத்தாலும், யாருக்கும் வேண்டாத கிழவி செத்தாலும் ஒருவன் வந்து ஏன் என்று கேட்கிறான். முதலில் எல்லாராலும் குற்றவாளி என்று சுட்டப்பட்டவன் அநேகமாகக் குற்றமற்றவன் என்று தெரியவருகிறது. மதிப்பானவர் என்று வணங்கப்பட்டவரின் கையில் இரத்தம் இருக்கிறது. ஒரு மனிதனைக் கேளாமல் அவனை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கலாமா என்று ஆலோசனைச் சங்கத்தில் நிக்கொதேமு தனியாக எழுப்பிய கேள்வியை இந்த நாவல்கள் மாதத்துக்கொருமுறை எழுப்புகின்றன. நம் சபையில் மாதத்துக்கொருமுறை எழுப்பப்படுகிறதா?

நாவலைக் கிழிக்கும் கைகள் மாலைச் செய்தித்தாளை மட்டும் பத்திரமாக மடித்துவைக்கின்றன. கள்ளக்காதல் கொலை என்ற தலைப்பின் கீழே வரும் புகைப்படத்தில் இருப்பவள் கற்பனைப் பாத்திரம் அல்லள். அவளுக்குத் தாய் உண்டு, பள்ளிக்குப் போகும் பிள்ளை உண்டு. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சபைக் குழுவிலேயே பகிர்ந்து, "கடைசி காலம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அது ஆவிக்குரிய எச்சரிப்பாகிவிடுகிறது. ராஜேஷ்குமார் கொன்ற ஆயிரக்கணக்கானோரில் ஒருவருடைய குடும்பமாவது வெட்கத்தால் வீட்டுக்குள் முடங்கியதுண்டா? உண்மைச் சாவை ருசிபார்ப்பதும் கற்பனைச் சாவின் வழியே நீதியை நாடுவதும் ஒன்றல்ல. இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு உண்டு. பல மாத நாவல்களின் அட்டைப்படங்கள் பெண்ணின் உடலைத் தூண்டிலாக வைத்தவை. அவற்றை நான் செய்தித்தாள் அட்டை போட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன், அதுவே அவற்றின் மேலுள்ள தீர்ப்பு. வசந்தின் பேச்சில் சில இடங்களை என் மகள் இருக்கும்போது உரக்க வாசிக்கமாட்டேன். விசாரணையில் அடித்து உண்மையை வரவழைக்கும் போலீஸ் அதிகாரியை வீரனாக்கும் கதைகளை நான் துப்பறியும் கதையென்றே ஒத்துக்கொள்வதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் அடிக்கப்பட்டு இறந்த தகப்பனுக்காகவும் மகனுக்காகவும் நாம் இந்த ஆலயத்தில் கண்ணீரோடு ஜெபித்தோம். லத்தியால் உண்மையைக் கண்டுபிடிக்கிறவன் துப்பறிகிறவன் அல்லன். தானியேல் ஒருவரையும் அடிக்கவில்லை, கேள்வி கேட்டான்.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்க வெளியூர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். 919-லும் 921-லும் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய எழுத்து. குடவோலைத் தேர்தலின் பெருமையைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தக் கல்லில் பாதிக்கு மேல் யார் யார் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதைப் பற்றியே எழுதியிருப்பதுபோல் எனக்குத் தோன்றும்: கணக்குக் காட்டாதவன், அவனுடைய உறவினர், பிறர் பொருளை அபகரித்தவன், மாபாதகம் செய்தவன். பதவியில் இருந்தவனிடம் கணக்கெங்கே என்று கேட்ட ஊர் இது. கேள்வி கேட்கிற பிள்ளையைப் பார்த்து இங்கே பயப்படலாமா?

போதகர் இல்லத் திண்ணையில் ஒரு பழைய மர அலமாரியைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். துப்பறியும் சாம்பு இருக்கிறது, சங்கர்லால் நான்கு, கணேஷ் – வசந்த் ஏழு, ஆங்கிலம் வாசிப்பவர்களுக்குப் பிரவுன் பாதிரியாரின் முதல் தொகுதியும், மணிகள் தொங்கும் ஒரு கிராம ஆலயத்தில் நடக்கும் சேயர்ஸின் 1934-ஆம் ஆண்டு நாவலும். பெயரை நோட்டில் எழுதிவிட்டு எடுத்துச்செல்லலாம். தொடரை முதலிலிருந்து தொடங்குங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர்களுக்குப் புத்தகம் கொடுக்கப்படமாட்டாது. வெளிப்படுத்தின விசேஷத்தை மட்டுமே வாசித்துவிட்டுச் சுவிசேஷங்களைத் தொடாதவர்களோடு எனக்கிருக்கும் வருத்தம் இதிலும் உண்டு.

அந்தப் பெண் பிள்ளை கடந்த இரண்டு ஞாயிறும் ஆராதனைக்கு வரவில்லை. பரீட்சை என்றார் அவளுடைய தாய். செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவள் பாதியில் விட்ட நாவலின் வேறொரு பிரதியைக் காஞ்சிபுரத்தில் தேடி வாங்கியாயிற்று. மூப்பரையும் உடன் வரும்படி கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.